ஆள் இல்லாத ஆல்பம்: பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்'

முதல் தடவை இந்த ஆல்பத்தைக் கேட்டபோது பாதியில் நிறுத்தி டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தேன். கல்லூரி சீனியர் ஒருவர் இசைத்தட்டிலிருந்து 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று உள்வாங்கி, தகர டப்பாவுக்குள் விழுந்த மாதிரி சுருங்கிப்போனது. பிறகு ரேடியோவில் ஸ்டேஷன் தேடும் கரகரப்பு, யாரோ பேசுகிற சத்தம், சில நொடி ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. அது போனதும் எங்கோ தூரத்தில் ஒரு கிட்டார், பக்கத்து வீட்டு ட்ரான்சிஸ்டரில் வருகிற மாதிரி சன்னமாக. டேப் போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன். பஞ்சில் கொலோன் தொட்டு ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்து மறுபடி ஓடவிட்டால், சன்னக் கிட்டார் அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருமி, மூக்கை உறிஞ்சி, இன்னொரு கிட்டாரை அதன் முழு உடம்போடு வாசிக்க ஆரம்பித்தார். ஆகா, துடைத்தது வேலை செய்துவிட்டது என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சன்னமான ஒலி கோளாறு இல்லை, மெனக்கெட்டுச் செய்தது என்று தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. வீட்டில் தனியாக இருக்கிற ஒருவன் ரேடியோவில் ஒரு கிட்டார் வாசிப்பைக் கேட்டு, தானும் கிட்டாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசிக்கிறான். காட்சி இவ்வளவுதான். ரேடியோவில் வாசிப்பவருக்கு இவன் இருப்பதே தெரியாது. சேர்ந்து வாசிக்கிறார்கள், ஆனால் ஒரே அறையில் இல்லை. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, 'நீ இங்கே இருந்திருக்கலாம்' என்று சொல்லப்போகிற பாட்டு, ஒரு வார்த்தை பாடுவதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறது.

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1975 செப்டம்பரில் வெளியிட்ட இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சிட் பாரெட்டுக்காகப் போட்ட ஆல்பம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பாதி சரி. சிட் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. ஆனால் இதைச் செய்த நால்வரும் (பேஸ் கிட்டார் ரோஜர் வாட்டர்ஸ், கிட்டார் டேவிட் கில்மோர், கீபோர்டு ரிச்சர்ட் ரைட், ட்ரம்ஸ் நிக் மேசன்) அப்போது எவ்வளவு தூரம் 'இல்லாமல்' இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். உடம்பு ஸ்டூடியோவில் இருக்கும், மனசு வேறெங்கோ. அந்த நிலையை வாட்டர்ஸ் பாட்டுக்குப் பொருளாக்கினார். அதோடு நிற்காமல், பதிவு, பாடுகிற குரல், அட்டைப்படம், ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகிற இடுக்கு என்று எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகிறார். சில இடங்களில் திட்டமிட்டு, சில இடங்களில் தற்செயலாக. எது எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சுவாரசியமே.

சரி, சிட் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரோஜர் கீத் பாரெட், 1946-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். வாட்டர்ஸும் அதே ஊர். கில்மோரும் அதே ஊர், சிட்டோடு சேர்ந்து கிட்டார் பழகியவர். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்று இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஒட்டிக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் சிட். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் 11 பாட்டில் 8 அவர் தனியாக எழுதியது. அதே வருடம் 'சீ எமிலி ப்ளே' என்ற அவருடைய பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாம் இடம்வரை போனது. (இந்தப் பாட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.) அப்போது அவருக்கு வயது 21. அந்த வருடம் முடிவதற்குள் நிலைமை மோசமாகிவிட்டது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள், திடீர்ப் புகழ், மனம் குலைந்துபோனது எல்லாம் சேர்ந்து, மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசிக்காமலே நிற்கிற அளவுக்கு ஆகிவிட்டார்.

1968 ஜனவரியில் கில்மோரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். கொஞ்ச நாள் ஐந்து பேர். அப்புறம் ஒரு நாள் சவுதாம்ப்டனில் நிகழ்ச்சி. காரில் கிளம்பியபோது, "சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்க, "வேண்டாம், விடு" என்று இன்னொருவர் சொல்ல, வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஒரு குழுவைத் தொடங்கியவரை வெளியே அனுப்பிய விதம் அதுதான். சண்டையும் இல்லை, கடிதமும் இல்லை. பிறகு ஏப்ரலில் முறைப்படி அறிவித்தார்கள்.

இந்தக் கார் கதையைத் தெரிந்துகொண்டு ஆல்பத்தைக் கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும். நண்பனை நினைத்து ஏங்குகிறவர்கள்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனை ஏற்றிக்கொள்ளாமல் போனவர்கள். வேறு வழி இருந்ததா என்றால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சிட்டின் இரண்டு தனி ஆல்பங்கள் 1970-ல் வெளிவர கில்மோர், வாட்டர்ஸ், ரைட் மூவரும் உதவியிருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் ஒரு உறுத்தல் மிச்சம் இருந்தது.

அடுத்தது 1973. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அது 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது என்றால் என்ன மாதிரி வெற்றி என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பணம், வீடு, பெயர். அப்புறம் என்ன? அந்த 'அப்புறம் என்ன' அவர்களைத் தடுமாற வைத்தது. அந்தத் தடுமாற்றத்தில் ஒரு விசித்திரமான முயற்சி வேறு. வாத்தியமே இல்லாமல் ரப்பர் பேண்ட், துடைப்பம், கண்ணாடிக் கோப்பை என்று வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு முழு ஆல்பம் போடுவது என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டார்கள். ரப்பர் பேண்டைப் பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவைக்க நாள் முழுக்க உழைப்பதைவிட ஒரு பேஸ் கிட்டாரை எடுத்து வாசித்துவிடலாமே என்று தோன்றியிருக்கும்.

அதில் ஒன்று மட்டும் வீணாகவில்லை. ஒயின் கோப்பைகளில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, விளிம்பில் ஈர விரலைச் சுற்றி எழுப்பிய ஒலி. ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' ஆரம்பிக்கும்போது அடியில் மங்கலாக மிதந்து வருகிறதே ஒரு ரீங்காரம், அதில் அந்தக் கோப்பைகள் இருக்கின்றன. நம் காதுக்கு அது தம்புரா சுருதி மாதிரி வேலை செய்கிறது. அதன்மேல் ரைட்டின் சின்தசைஸர், பிறகு கில்மோரின் கிட்டார். அவசரமே கிடையாது. யாரும் தாளம் போடுவதில்லை. கிட்டத்தட்ட நான்கு நிமிடம் அப்படியே போகிறது.

அப்புறம் அந்த நான்கு சுரம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1974-ன் ஆரம்ப மாதங்களில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் ஒரு ஒத்திகை அறையில் கில்மோர் சும்மா விரலை ஓட்டியபோது வந்து விழுந்த நான்கு சுரம் அது. வாட்டர்ஸுக்கு அது என்னமோ செய்தது. அதைச் சுற்றித்தான் மொத்தப் பாட்டும், சிட்டைப் பற்றிய வரிகளும் வளர்ந்தன. மேற்கத்திய பெயரில் பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. பாட்டின் ஆதாரமான ஜி-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், சட்ஜம், சதுஸ்ருதி தைவதம். க, நி, ச, த. நான்கும் கரஹரப்பிரியாவில் இருக்கிற சுரங்கள்தான், அதற்காக அது கரஹரப்பிரியா ஆகிவிடாது. விஷயம் கடைசி 'த'-வில் இருக்கிறது. அதுவரை நான்கு நிமிடமாக ஓடியது கிட்டத்தட்ட நடபைரவியின் நிறம், அங்கே தைவதம் சுத்த தைவதம், தாழ்ந்தது. காது அதற்குப் பழகிவிட்டது. மூன்று சுரம் வரைக்கும் எல்லாம் எதிர்பார்த்தபடி வந்து, மூன்றாவதில் சட்ஜத்திலேயே நின்று, அப்பாடா என்று உட்காரப்போகிற நேரத்தில் நான்காவதாக ஒரு அரைப்படி உயர்ந்த தைவதம் வந்து விழுகிறது. தப்பாக இல்லை, ஆனால் உட்காரவும் விடவில்லை. நான்கையும் தனித்தனியாக அடக்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஒலிக்க விட்டுவிடுகிறார், அந்தத் தொங்கல் அப்படியே காற்றில் நிற்கிறது. மறுபடி அதே நான்கு. மறுபடி. அப்புறம்தான் மேசனின் ட்ரம்ஸ் உள்ளே விழுகிறது.

ஏதோ ஒன்றை எடுக்க அறைக்குள் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்போமே, அந்த நான்காவது சுரம் எனக்கு அப்படி.

வாட்டர்ஸின் குரல் வருவது எட்டரை நிமிடத்துக்கு மேல். இன்றைக்கு எந்தப் பாட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்காது. அந்த எட்டரை நிமிடத்தில் நமக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் தெரிகிறது. கடைசியில் பாட்டு வந்ததும் முன்னிலையில் 'நீ' என்று ஆரம்பிக்கிறது. சின்ன வயதில் நீ சூரியன் மாதிரி இருந்தாய் என்கிறது. அந்த 'நீ' அறையில் இல்லை.

இந்தப் பாட்டு மேடையில் 1974-ல் ஒரே நீளமாக வாசிக்கப்பட்டது. ஆல்பத்துக்கு வந்தபோது கில்மோரின் விருப்பம், இதை ஒரு பக்கம் முழுக்க வைத்துவிட்டு, மேடையில் ஏற்கெனவே பழகியிருந்த வேறு இரண்டு பாட்டுகளை மறுபக்கம் வைத்துவிடலாம் என்பது. கை மேல் இருப்பதைப் போட்டு வேலையை முடிக்கலாம், நியாயமான யோசனைதான். வாட்டர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டை இரண்டாக வெட்டி ஆல்பத்தின் தலையிலும் காலிலும் வைத்து, நடுவே புதிதாக மூன்று பாட்டு எழுதலாம் என்றார். மற்ற இருவரும் அவர் பக்கம் போக, கில்மோர் தோற்றார். ஒதுக்கிய அந்த இரண்டும் உருமாறி 1977-ல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் வந்தன. கில்மோர் ரசிகனான நானே சொல்கிறேன், வாட்டர்ஸ் செய்ததுதான் சரி. ஒரே பக்கமாக வந்திருந்தால் அது நண்பனுக்கு ஒரு நீண்ட அஞ்சலியாக நின்றிருக்கும். இரண்டாகப் பிளந்து நடுவில் தொழிற்சாலையையும் கம்பெனி முதலாளியையும் உட்கார வைத்தபோதுதான் அவன் ஏன் காணாமல் போனான், நாம் எங்கே காணாமல் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற கேள்வி உள்ளே வந்தது.

பதிவு நடந்தது லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில், 1975 ஜனவரியிலிருந்து ஜூலை வரை, நடுவே அமெரிக்கச் சுற்றுப்பயணங்களும். நன்றாகப் போகவில்லை. மேசனின் கல்யாண வாழ்க்கை அப்போது முறிந்துகொண்டிருந்தது, அவர் ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அங்கே இல்லை. முந்தைய ஆல்பத்தின் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் தன் வழியில் போய்விட, அவர் இடத்துக்கு வந்த பிரையன் ஹம்ஃப்ரீஸுக்கு அந்த ஸ்டூடியோவின் கருவிகள் பழக்கமில்லை. மேசனும் வாட்டர்ஸும் மணிக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய 'ஷைன் ஆன்' அடித்தளப் பதிவில் தெரியாமல் எதிரொலி ஏறிவிட்டது. அழிக்க முடியாது. முழுக்க மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே அரை மனதாக வந்து போய்க்கொண்டிருப்பவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! 'நாங்கள் இங்கே இருந்திருக்கலாம்' என்றே இதற்குத் தலைப்பு வைத்திருக்கலாம் என்ற பொருளில் வாட்டர்ஸ் பின்னாளில் பேசியிருக்கிறார்.

முதல் 'ஷைன் ஆன்' டிக் பாரியின் சாக்ஸஃபோனில் வேகமெடுத்துக் கரைய, எங்கிருந்தோ ஒரு மெஷின் துடிக்க ஆரம்பிக்கிறது. 'வெல்கம் டு தி மெஷின்'. அந்தத் துடிப்பு வி.சி.எஸ்.3 என்ற பெட்டி மாதிரி சின்தசைஸரிலிருந்து வருவது. பாடுவது கில்மோர். ஒரு வரி அவருக்கு எட்டவில்லை என்று டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பாடிவிட்டு, திரும்ப இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெஷினைப் பற்றிய பாட்டில் மெஷின் கை கொடுத்திருக்கிறது. இந்தப் பாட்டின் முடிவைத்தான் கவனிக்கச் சொல்வேன். கதவு திறக்கிறது, ஒரு விருந்தின் சிரிப்பும் பேச்சும் கேட்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு குரலையாவது பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று முயன்று பாருங்கள்.

அந்த விருந்தில் சுருட்டு நீட்டுகிறவர்தான் 'ஹேவ் எ சிகார்' பாட்டின் ஆசாமி. ரெக்கார்ட் கம்பெனி ஆள். உங்கள் இசை என்றால் எனக்கு உயிர் என்று வழிந்துவிட்டு, ஆமாம், உங்களில் பிங்க் யார் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை அவர்களிடம் நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடித்த ஆள் அப்போது குழுவிலேயே இல்லை என்பதை நினைத்தால் நக்கல் இன்னும் கூர்மையாகிறது.

இந்தப் பாட்டை யார் பாடுவது என்பதில் ஒரு கூத்து. வாட்டர்ஸ் 'ஷைன் ஆன்' பாடிப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். கில்மோருக்கு அந்த வரிகளின் புலம்பல் தொனி பிடிக்கவில்லை, முடியாது என்றுவிட்டார். பக்கத்து அறையில் தன் ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்த ராய் ஹார்ப்பர் என்ற பாடகர் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார். நான் பாடட்டுமா என்றார், பாடிவிட்டார். சம்பளமாக லார்ட்ஸ் மைதானத்துக்கு ஆயுள் முழுக்க சீசன் டிக்கெட் கேட்டேன், வரவே இல்லை என்று ஹார்ப்பர் சொல்லிச் சிரிப்பதுண்டு. லார்ட்ஸ் அந்த ஸ்டூடியோவிலிருந்து நடந்துபோகிற தூரம்தான், பாவம். வாட்டர்ஸுக்கோ வேறொருவரைப் பாடவிட்டோமே என்று பிறகு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. குழுவில் யார் யார் என்றே தெரியாத கம்பெனி ஆளின் பாட்டை, குழுவிலேயே இல்லாத ஒருவர் பாடுகிறார். கேட்டவர்களில் பெரும்பாலோர் ரொம்ப காலம் அதை வாட்டர்ஸ் என்றே நினைத்தார்கள், நானும் சேர்த்து. 'பிங்க் யார்' என்ற கேள்வியில் நாமும் ஃபெயில்.

ஹார்ப்பர் விஷயம் தற்செயல். வயலின் விஷயமும் தற்செயல், ஆனால் அதைவிடப் பெரியது. அதே சமயத்தில் ஏபி ரோட்டில் யெஹுதி மெனுஹினும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து ஒரு பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மெனுஹின், ரவிசங்கரோடு சேர்ந்து வாசித்த அதே மெனுஹின். கிராப்பெல்லி ஜாஸ் வயலினில் ஐரோப்பா கண்ட மிகப் பெரிய ஆள், 1930-களில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோடு வாசித்தவர். தலைப்புப் பாட்டின் முடிவில் கொஞ்சம் வயலின் இருந்தால் நன்றாக இருக்குமே என்று கில்மோருக்குத் தோன்ற, கூப்பிட்டார்கள். கிராப்பெல்லி வந்து வாசித்தார், 300 பவுண்ட் கொடுத்தார்கள். கடைசியில் மிக்ஸிங் செய்தபோது அந்த வயலினைக் கிட்டத்தட்ட முழுக்க அமுக்கிவிட்டார்கள். இவ்வளவு சன்னமாகக் கேட்பதற்கு அட்டையில் பேர் போட்டால் அவரை அவமதித்த மாதிரி ஆகும் என்று பேரும் போடவில்லை. பாட்டு முடிந்து காற்றின் இரைச்சல் எழுகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஏதோ ஒரு இழை இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். அந்தப் பதிவே அழிந்துவிட்டது என்றுதான் நெடுங்காலம் பேச்சு. 2011-ல் வந்த மறுபதிப்பில் அதை எடுத்து வெளியிட்டார்கள். கேட்டேன். பிரமாதமான வாசிப்பு. ஆனால் அமுக்கியது சரியான முடிவு என்றும் அப்போதுதான் புரிந்தது. வயலின் உள்ளே வந்ததும் ரேடியோவோடு தனியாக வாசித்துக்கொண்டிருந்தவனுக்குத் துணை கிடைத்துவிடுகிறது. பாட்டுக்குத் துணை தேவையில்லை.

அந்த ரேடியோவும் கில்மோரின் காரில் இருந்ததுதான், அதிலிருந்தே பதிந்தார்கள். ஓடிப்போகிற ஆர்க்கெஸ்ட்ரா சைகோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதி. என் கொலோன் பஞ்சுக்குத் தெரியாத விஷயம்.

இனி எல்லாரும் சொல்கிற அந்தக் கதை. 1975 ஜூன் மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஸ்டூடியோவில் 'ஷைன் ஆன்' மிக்ஸிங் நடந்துகொண்டிருக்கிறது. தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்ட ஒரு குண்டான மனிதர் கையில் பிளாஸ்டிக் பையோடு உள்ளே வந்து நிற்கிறார். ஸ்டூடியோ ஊழியர் யாரோ என்று கில்மோர் நினைத்திருக்கிறார். வாட்டர்ஸின் நண்பராக்கும் என்று ரைட். மேசனுக்கும் அடையாளம் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அது சிட் என்று தெரிந்தது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்கிறார்கள். அன்று யார் என்ன சொன்னார்கள், சிட் எப்போது கிளம்பினார் என்பதில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள், எனவே நான் அதிகம் அலங்கரிக்கப் போவதில்லை. அன்று எடுத்த ஒரு புகைப்படம் மேசன் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஏன் அடையாளம் தெரியவில்லை என்று புரியும். சிட்டுக்கு அப்போது வயது 29.

ரசிகர்கள் இதை ஒரு அமானுஷ்யச் சம்பவம் போல, பாட்டு அவரை இழுத்துவந்துவிட்டது என்கிற மாதிரி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முதல் ஆல்பத்தைப் பதிந்த கட்டிடம் அது, நண்பர்கள் இருக்கிற இடம், வந்தார். அந்த நிகழ்ச்சியில் எனக்கு உறைப்பது வேறு. ஒருவனை நினைத்து 26 நிமிடப் பாட்டு ஒன்றைச் செய்து முடித்து, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவனே எதிரில் வந்து நிற்கிறான், தெரியவில்லை. பாட்டு யாருக்காகவோ அந்த ஆள் 1967-லேயே நின்றுவிட்டான். எதிரில் வந்தவர் வேறு ஒருவர், ரோஜர் பாரெட். பிறகு அவர் கேம்பிரிட்ஜுக்கே போய், படம் வரைந்துகொண்டும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டும் முப்பது வருஷம் போல வாழ்ந்தார். அவரை 'பைத்தியக்கார வைரம்' என்று ஒரு புராணமாக்கிவிட்டதில் இந்த ஆல்பத்துக்கும் பங்கு உண்டு. அவர் வீட்டு வாசலில் கேமராவோடு போய் நின்ற ரசிகர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

அட்டைப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சன் வேலை. கோட் சூட் போட்ட இருவர் கை குலுக்குகிறார்கள், ஒருவர் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிறார். கலிஃபோர்னியாவில் ஒரு சினிமா ஸ்டூடியோ வளாகத்தில் ஆப்ரி பவல் எடுத்த படம். கணினி வித்தை எதுவும் இல்லாத காலம், நிஜமாகவே கொளுத்தினார்கள். ரானி ராண்டெல் என்ற ஸ்டண்ட் கலைஞர் தீப்பிடிக்காத உடைமேல் கோட் சூட்டும் தலையில் விக்கும் மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை காற்று எதிர்ப்பக்கம் அடித்து மீசை கருகிவிட்டது. இருவரையும் இடம் மாற்றி நிற்கவைத்து எடுத்து, பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள். வியாபாரத்தில் நஷ்டப்பட்டவனை நாம் 'கையைச் சுட்டுக்கொண்டான்' என்போமே, ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே வழக்கு உண்டு. அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து படமாக்கிவிட்டார்கள். உள்ளே இன்னும் சில படங்கள். ஏரியில் தலைகீழாக ஒருவர், தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை. பாலைவனத்தில் நிற்கிற விற்பனையாளருக்கு முகமே இல்லை.

இவ்வளவு மெனக்கெட்டு எடுத்த படத்தை என்ன செய்தார்கள்? கறுப்பு பிளாஸ்டிக் உறையில் சுற்றி மறைத்துவிட்டார்கள். வெளியே இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்கிற ஒரு ஸ்டிக்கர் மட்டும். அட்டையே இல்லாத மாதிரி ஒரு அட்டை. அமெரிக்காவில் விற்ற கொலம்பியா கம்பெனிக்கு இதில் சந்தோஷமில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில ரசிகர்கள் உறையைக் கிழிக்காமல் ஓரத்தை மட்டும் வெட்டி இசைத்தட்டை எடுத்து, வருஷக்கணக்கில் உள்ளே இருக்கிற படத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

வந்தவுடன் விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. அலுப்பாக இருக்கிறது, உயிரில்லை என்று எழுதினார்கள். ஜனங்கள் அதைச் சட்டை செய்யவில்லை, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். கேட்ட அளவுக்கு அச்சடிக்க முடியாமல், கேட்டதில் பாதிதான் தர முடியும் என்று கடைகளுக்குச் சொன்னது இங்கிலாந்தில் அவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனியான இ.எம்.ஐ. கில்மோரும் ரைட்டும் குழுவின் ஆல்பங்களில் தங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை நடந்தபோது இருந்த நிலைமைக்கு இது ஆச்சரியம்தான்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1985-ல் வாட்டர்ஸ் வெளியேறினார், பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயர் யாருக்கு என்று வழக்கறிஞர்களை வைத்துச் சண்டை போட்டார்கள். 'உங்களில் பிங்க் யார்' என்று அப்போது நீதிபதியே கேட்க வேண்டிய நிலை. 2024-ல் பதிவுகளின் உரிமையையும் பெயரையும் சோனிக்கு விற்றார்கள், சுமார் 40 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கொலம்பியா இப்போது சோனியுடையது. சுருட்டைக் கடைசியில் வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னால் சக ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சி. 24 வருஷத்துக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில். தலைப்புப் பாட்டுக்கு முன்னால் வாட்டர்ஸ், இங்கே இல்லாத எல்லாருக்காகவும், முக்கியமாக சிட்டுக்காக என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். சிட் அப்போது கேம்பிரிட்ஜில் தன் வீட்டில் உயிரோடு இருந்தார். அடுத்த வருஷம் ஜூலையில் போய்விட்டார். 2008-ல் ரைட்டும் போனார்.

ரைட்டைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் யாரும் சொல்லாத ஆள். 'ஷைன் ஆன்' பாட்டின் ஒன்பதாம் பகுதி, ஆல்பத்தின் கடைசிப் பகுதி, அவர் தனியாக எழுதியது. வார்த்தை இல்லை. நிதானமாக நடக்கிற ஒரு சவ ஊர்வலம் போல இருக்கும். அதில் மினிமூக் சின்தசைஸரை வைத்துக்கொண்டு ஒன்றும் சாதிக்கிற மாதிரி காட்டாமல் அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகிறார், ஒலி மெல்லத் தேய்கிறது. என் கேசட்டில் அது தேய்ந்துகொண்டிருக்கும்போதே டக்கென்று நின்றுவிடும். ஒரு பக்கம் 45 நிமிடம், ஆல்பம் 44 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், நடுவில் சீனியர் எழுந்துபோய் இசைத்தட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் டேப் சும்மா ஓடியிருக்கிறது. அதனால் முடிவு இல்லை. அதில் என்ன போய்விட்டது, தேய்கிற ஒலிதானே என்று நான் கவலைப்பட்டதே கிடையாது.

ஏழெட்டு வருஷம் கழித்து சொந்தமாக ஒரு சி.டி. வாங்கி, ஹெட்ஃபோனில், ராத்திரி. அந்தத் தேய்கிற இடத்தில், சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் மட்டுமே காதில் விழுந்தது. ரைட் சில நொடிகளுக்கு 'சீ எமிலி ப்ளே' மெட்டை வாசித்துவிட்டுப் போகிறார்.